கமி லாங்

உட்காருங்க சார் என்று ஏட்டம்மா சொன்னபோது எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், திரும்பிப் பார்த்தால் சுவர், இந்தக் காவல் நிலையத்தில் என்னை யாரும் சார் என்றதில்லை, எழுபத்தொன்றில் முதல் தடவை இழுத்து வந்தபோது குந்துடா என்றார்கள், எண்பத்தெட்டில் ஓரமா நில்லுய்யா என்றார்கள், அந்த டா போய் ய்யா வந்ததையே தொழிற்சங்கத்தின் சாதனை என்று வாயிற்கூட்டத்தில் பேசியவன் நான், இப்போது சார் வந்திருக்கிறது, இதற்காக நான் நடத்திய போராட்டம் கிழவனானது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் அமைச்சர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாராம், பன்னிரண்டுக்குள் வந்துவிடுவாராம், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட் விசாரணை முடிந்தது, அதுவரை இந்த இரும்பு பெஞ்ச். பெஞ்சின் மறுகோடியில் ஸ்கூட்டரைத் தொலைத்த ஒருவர், கையில் மனு, மனு என்றால் பெட்டிஷன், பெட்டிஷனுக்கு லத்தீனில் பெட்டெரே, பெட்டெரே என்றால் பாய்வது, தாக்குவது என்றும் உண்டு, கேட்பது, கெஞ்சுவது என்றும் உண்டு, பாய்ந்தவனெல்லாம் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து கெஞ்சுகிற மாதிரி ஒரு சொல். நான் கெஞ்ச வரவில்லை. எழுபத்து நாலு வயதில் ஒரு மனிதன் தன் மகளோடு போய் இருப்பதற்குப் பாஸ்போர்ட் கேட்டு வந்திருக்கிறேன், அது என் உரிமை, இருப்பதற்கா, அங்கேதான் சிக்குகிறது, ஒரு மணி நேரமாக எந்தப் பக்கம் நினைத்தாலும் அந்த இடத்தில் வந்து சிக்குகிறது.

மகள் வெண்மணி ஜனவரியில் எழுதினாள். ஷார்ஜாவில் நர்ஸ், போனில் தமிழ் அடிக்கப் பொறுமை கிடையாது, எல்லாம் இங்கிலீஷ். இங்கே காண்ட்ராக்ட் மே மாதத்தோடு முடிகிறதப்பா, வீ பட்டங்காஸுக்கே போய்விடப் போகிறோம், கடலோரத்தில் வீடு, வீ இனி அங்கேதான் இருக்கப் போகிறோம், பாஸ்போர்ட் எடுத்து வை. பட்டங்காஸ் அவள் புருஷன் ஆர்னெலின் ஊர், பிலிப்பைன்ஸில் இருக்கிறது. படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, எனக்கு எப்போதும் உடனே புரிந்துவிடும், வீ என்றால் நாம், நாம் போகிறோம், நாம் இருக்கப் போகிறோம், அவள் அம்மா கன்னியம்மா போனபின் மூன்று வருஷமாகத் தனியாகச் சோறு வடிக்கிற அப்பனைக் கூப்பிடுகிறாள். சரி என்று பதில் போட்டேன், அவள் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளுக்கு நான் எழுதிய மிக நீளமான கடிதம் அது. மறுநாளே வீட்டுக்காரரிடம் ஜூனில் காலி செய்கிறேன் என்று சொன்னேன், அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை அப்போது மன்னித்தேன், இரண்டு பீரோ புத்தகத்தையும் சங்க அலுவலகத்துக்குக் கொடுத்தேன், அவர்கள் பெயருக்கு ஒரு கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள், பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் டீ கொண்டுவந்தவர்கள், நான் முக்கால் மணி நேரம் பேசினேன். வீடும் போய்விட்டது, புத்தகமும் போய்விட்டது, சால்வை மட்டும் இருக்கிறது, இவ்வளவும் இரண்டெழுத்து வீயை நம்பி.

ஐயா, எத்திராஜுலுதானே முழுப் பேரு, என்று ஏட்டம்மா கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார், குணசுந்தரி என்று நெஞ்சில் பேர்ப்பட்டை, நாற்பது வயது இருக்கும், ஆமாம்மா என்றேன், உங்க மேல பதினோரு கேஸு காட்டுது சார், எல்லாம் விடுதலை, தள்ளுபடி, விடுதலை, இதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் எடுத்ததே இல்லியா, இல்லை, ஏன் சார், போக ஓர் இடம் இருந்ததில்லை. ஸ்கூட்டர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரையடி தள்ளி உட்கார்ந்தார். பதினொன்று என்பது குறைவு, நியாயமாக இருபதாவது இருக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்றியவன் சோம்பேறி. டிஸ்மிஸ், தள்ளுபடி, மனிதனைத் தள்ளினாலும் டிஸ்மிஸ், வழக்கைத் தள்ளினாலும் டிஸ்மிஸ், டிஸ் என்றால் விலக்கி, மிட்டெரே என்றால் அனுப்பு, அட்மிட், சப்மிட், பெர்மிட், ப்ராமிஸ், எல்லாம் அந்த மிட்டெரே பெற்ற பிள்ளைகள், உள்ளே அனுப்பு, கீழே அனுப்பு, ஊடே அனுப்பு, முன்னால் அனுப்பு. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவன் நான், மூர் மார்க்கெட்டில் அட்டை போன ஓர் அகராதி கிடைத்தது, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பின்னால் பொடி எழுத்தில் அது பிறந்த ஊர் போட்டிருக்கும், துண்டுப் பிரசுரங்களில் தமிழ் படித்தவன் அந்தப் பொடி எழுத்தில் இங்கிலீஷ் படித்தேன், படித்ததை வாயிற்கூட்டத்தில் சொல்வேன், தோழர்களே, முதலாளி உங்களை டிஸ்மிஸ் என்கிறானே, லத்தீனில் அதற்கு என்ன பொருள் தெரியுமா. பண்டக சாலை வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள், எனக்கு லத்தீன் எத்திராஜு என்று பேர் வைத்தார்கள், ஏய் லத்தீன், இன்னிக்கு இன்னா வார்த்த, என்று மிக்கேல் கத்துவான், கிண்டல்தான், ஆனாலும் பெருமை உள்ள கிண்டல், பட்டம் வாங்கி வந்த தலைவர்கள் ஒருத்தனுக்கும் அந்தப் பேர் கிடைக்கவில்லை.

மிக்கேலை நினைக்கக் கூடாது. ஆர்னெலை நினைக்கலாம், அவன் உயிரோடு இருக்கிறான், அவன் மேல் கோபப்படலாம். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் காலையில் ஒரு வார்த்தை அனுப்புகிறான், லேபில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் முன்னால், தகாலோகில் ஒரு சொல், பக்கத்தில் தமிழ் எழுத்தில் பொருள், தப்பும் தவறுமாக. ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை, ஒன்றையும் நோட்டில் எழுதாமல் விட்டதுமில்லை, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் அவன். மஹால் என்றால் அண்பு, மூன்று சுழி ண் போட்டிருந்தான், அதே மஹால் என்றால் விலை ஜாஸ்தி என்றும் அர்த்தமாம், அன்புக்கும் விலைவாசிக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறான்கள், சரியான சந்தை மொழி என்று அன்று முழுக்கத் திட்டினேன், இரவு படுத்தபின் அருமை என்ற சொல் நினைவுக்கு வந்தது, கிடைக்காததும் அருமை, பிரியமானதும் அருமை, எழுந்து உட்கார்ந்துகொண்டேன். வெல்கா என்றால் வேலைநிறுத்தம், அது ஸ்பானியன் கொடுத்துவிட்டுப் போனது, நூலகத்தில் ஒருநாள் முழுக்கத் தேடினேன், ஸ்பானியனுக்கு அதைக் கொடுத்தது லத்தீன், துருத்தி மாதிரி மூச்சு வாங்குவது என்று அங்கே பொருள், வேலைநிறுத்தம் என்றால் மூச்சு வாங்கிக்கொள்வது, அன்றைக்கு மட்டும் அவனுக்குப் பதில் எழுத விரல் துடித்தது, எழுதவில்லை. தாம்போ என்று ஒன்று அனுப்பினான், கோபம் இல்லை ஆனா பேசாது, வேற ஆள் வந்து கூப்பிடணும் அப்ப பேசும், என்று விளக்கம், முறுக்கிக்கொண்டு இருப்பது என்று இரண்டு சொல்லில் சொல்ல வேண்டியது, யாரைச் சொல்கிறான் என்று தெரியாதா எனக்கு. அப்பாவுக்கு அவர்கள் ஊரில் தாத்தாய், சுருக்கிக் கூப்பிட்டால் தாய், கல்யாணத்துக்கு முன்னால் வெண்மணி ஸ்பீக்கரில் போட்டபோது ஹலோ தாய் என்றான், யாருடா உனக்குத் தாய் என்று வைத்தேன் போனை, அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவன் கறுப்பா சிவப்பா, எந்த மதம், எதுவும் எனக்குப் பொருட்டில்லை, சாதியில்லாமல் கட்டியவன் நான், ஆனால் ஒரு பிலிப்பினோ கையில் மட்டும் என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன், காரணம் உனக்கே தெரியும் என்றேன், அவளுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், இரண்டாயிரம் பிரதி அடித்துக் கொடுத்தேனே, கடல் கடந்த துரோகம் என்ற பிரசுரம், பதினாறு பக்கம்.

அந்தத் துரோகத்தைத்தான் இன்று காலை பத்தேகாலுக்கு என் போன் ஓர் ஒலியோடு கொண்டுவந்து மடியில் வைத்தது. இன்று ரெண்டு வார்த்தை தாய், கமி, தாயோ. ரெண்டும் வீ. கமி உங்களை சேர்க்காது. தாயோ உங்களையும் சேர்க்கும். தமிழ்ல நாங்கள், நாம், அதே. இங்கிலீஷ் பாவம், ஒண்ணுதான் வச்சிருக்கு. அதற்குக் கீழே ஓர் உதாரணம், கமி லாங், நாங்கள் மட்டும். படித்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெள்ளைக்காரனிடம் இல்லாதது நம்மிடமும் அவர்களிடமும் இருக்கிறது, ஒரு பிரசுரத்துக்கு ஆகும் விஷயம், பிறகு உதட்டை அசைத்துப் படித்தேன், கமி லாங், என் வாய் அந்த ஒலியை ஏற்கெனவே வைத்திருந்தது. சார், இந்த எண்பத்தெட்டு கேஸு என்னா, சட்டவிரோதமா கூடுனதுன்னு போட்டுருக்கு, கப்பல்னு வேற போட்டுருக்கு, என்று ஏட்டம்மா அந்த நேரம் பார்த்துக் கேட்டார், வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் எழுந்து நின்று பதில் சொல்வேன், இப்போது உட்கார்ந்தபடியே, ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேம்மா என்று வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வார்த்தைக்கெல்லாமா கேஸு போட்டாங்க அப்ப, என்று சிரித்துவிட்டு அவர் தட்டச்சைத் தொடர்ந்தார்.

கப்பலில் பத்தொன்பது பேர், எல்லாம் பிலிப்பினோக்கள், ஒன்பது மாதச் சம்பளம் வரவில்லை, வந்தால்தான் நங்கூரத்தைத் தூக்குவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் ஐம்பத்து மூன்று பேர், அந்தக் கப்பலில் சரக்கேற்ற வந்த காண்ட்ராக்ட் கூலிகள், வேலையை நிறுத்தலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக இழுபறி, நிறுத்தினால் உள்ளே திரும்ப விடமாட்டான் என்று பாதிப் பேர், கப்பல்காரர்கள் நம்மோடு கடைசிவரை நிற்பார்கள் என்றால் சரி என்று மீதிப் பேர். துறைமுக கேட் வாசலில் எஃப்ரென் என்கிற அவர்களுடைய ஆளைக் கூட்டிவந்து பெட்டி மேல் ஏற்றினேன், குட்டையான மனிதன், ரப்பர் செருப்பு, அவனுக்கும் இங்கிலீஷ் முக்கால், எனக்கும் முக்கால். வீ ஸ்டே, வீ ஃபைட் டு தி எண்ட் என்றான், நான் நாம் கடைசிவரை நிற்போம் என்றேன், கைதட்டினார்கள், கைதட்டல் நின்றதும் எஃப்ரென் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இவ்வளவு தட்டுகிற அளவுக்கு நான் என்ன சொன்னேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், இன்றைக்குத் தோன்றுகிறது எனக்கு, தன் நெஞ்சில் கை வைத்தான், பின்னால் கப்பலைக் காட்டினான், மறுபடி நெஞ்சு, கமி லாங் என்றான், நான் புரியாத மாதிரி நின்றதும் இன்னொரு தடவை, மெதுவாக, கமி லாங். எனக்கு எப்போதும் உடனே புரிந்துவிடும். தோழர்களே, கமிட் என்கிறார், கமிட் லாங், நெடுநாளைக்கு உறுதி கொடுக்கிறார், லத்தீனில் கோம் என்றால் சேர்ந்து, மிட்டெரே என்றால் அனுப்பு, சேர்த்து அனுப்பப்பட்டவர்கள் நாம், அவர்களும் நாமும் ஒரே கையால் கரையேறியவர்கள், என்று இல்லாத கையையும் கரையையும் நானே சேர்த்துக்கொண்டு முழங்கினேன், ஐம்பத்து மூன்று பேரும் கை தூக்கினார்கள், மிக்கேல் இரண்டு கையையும் தூக்கினான். நாங்கள் மட்டும் என்று ஒருத்தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறான், அதை நாம் எல்லோரும் என்று ஒருத்தன் மைக்கில் சொல்கிறான். ஐந்தாம் நாள் கப்பல் முதலாளி அவர்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்தான், ஆறாம் நாள் கப்பல் இல்லை, எஃப்ரென் போகும்போது மேல்தட்டில் நின்று கையாட்டினான், துரோகி கையாட்டுகிறான் பார் என்று நான் காறித் துப்பினேன், அவன் சொன்ன சொல்லில் ஒன்றையும் மீறவில்லை, அவன் நன்றாகத்தான் கையாட்டினான். ஐம்பத்து மூன்று பேரும் வெளியே. ஏய் லத்தீன், நாமன்னு சொன்னியே, அந்த நாம எங்கப்பா போச்சு, என்று மிக்கேல் கேட்டான், கிண்டலாகத்தான் கேட்டான், அவனுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது, நான் போய்ப் பதினாறு பக்கம் எழுதினேன். போன வருஷம் அவன் பெட்டியை இறக்கும்போதும் அந்தப் பதினாறு பக்கம்தான் உண்மை என்று மண் அள்ளிப் போட்டேன்.

முப்பத்தேழு வருஷத்தை ஒரு பெஞ்சில் வைத்துத் தாங்க முடியாது, எழுந்து வாசலுக்குப் போனேன், பறிமுதல் செய்த பைக்குகள் துருப்பிடித்துக் கிடந்தன, அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். எஃப்ரெனை எங்கே தேடுவது, மிக்கேலை எங்கே தேடுவது, இரண்டாயிரம் பிரதியை எந்த வீட்டில் போய்த் திரும்பக் கேட்பது, ரிட்ராக்ட், ரீ என்றால் பின்னால், டிராஹெரே என்றால் இழு, சொன்னதைப் பின்னால் இழு, எழுதுவேன், சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பேன், அதுகூட முடியும் என்று தோன்றியது, ஆனால் அதையெல்லாம் தாண்டி ஒரு பயம் இருந்தது, எனக்கு எப்போதும் உடனே புரிந்துவிடும், ஜனவரியிலும் உடனே புரிந்ததே. வெண்மணி பகல் ஷிப்ட், மூன்று மணிவரை எடுக்க மாட்டாள். ஆர்னெல் பெயரை அழுத்தினேன், அவன் தூங்கப் போயிருப்பான், போயிருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன், இரண்டாவது மணியில் எடுத்தான்.

தாய்? தாய், நீங்களா? உடம்பு சரியா இருக்கா? உடம்புக்கு ஒண்ணுமில்ல என்றேன், ஒரு வார்த்தை கேக்கணும். வார்த்தையா, இருங்க, என்று எங்கேயோ கதவைச் சாத்தினான், தாலா தூங்குது, சொல்லுங்க தாய். தாலா என் பேத்தி, தாலா என்றால் விண்மீன், அதுவும் அவன் அனுப்பியதுதான், அவள் குரலை நான் கேட்டதில்லை. ஜனவரில உன் பெண்டாட்டி எனக்கு எழுதினாளே, வீ போறோம், வீ அங்கயே இருக்கப் போறோம்னு, அது கமியா, தாயோவா. ஏசி ஓடும் சத்தம் கேட்டது, ஒரு பிலிப்பினோ என்னிடம் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்வதற்காகத் தயங்குகிறான், இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை. எனக்குப் பொய் வராது தாய், என்றான், கமி. வெண்மணி சொன்னது, அப்பா வருசத்துல ஒரு தரம் வந்து பாக்கட்டும், அதுக்கு பாஸ்போர்ட். இருக்க நீங்க வரமாட்டீங்கன்னு அவர் நெனச்சுது. கூப்பிடலாம்னு நான் சொன்னேன், அவருக்கு பயம், கூப்பிட்டா நீங்க ஸ்பீச் குடுப்பீங்களாம். அவள் என்று சொல்லடா என்று வாய்வரை வந்தது, அவர்கள் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல், அதுவும் நோட்டில் இருக்கிறது. நான் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதையும் புத்தகங்களையும் சால்வையையும் அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் அவன் அந்த இடத்திலேயே தாயோ என்று மாற்றிவிடுவான், அவன் அப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது, பரிதாபப்பட்டுக் கிடைக்கிற நாம் எனக்கு வேண்டாம். தாய், இருக்கீங்களா, என்றான். இருக்கேன். தாயோ வேணும்னா நீங்க கேக்கணும், என்றான், நான் சொல்ல முடியாது, அவர் மூணு மணிக்கு வரும், நீங்க கேளுங்க. சரிப்பா, நீ தூங்கு, என்றேன், அந்தப் ப்பா எப்படி ஒட்டிக்கொண்டது என்று போனை வைத்தபின்தான் கவனித்தேன்.

ஆக, நான் மறுபடியும் அழைக்கப்படாத கூட்டத்தில் போய் நாம் என்று சொல்லியிருக்கிறேன். சால்வை கொண்டுவந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக வருகிறது, வீட்டுக்காரரின் முகம் வருகிறது, போய்க் காலி செய்யவில்லை என்று சொல்லலாம், சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று ஓர் ஆழாக்கு அரிசி களையலாம், வருஷத்துக்கு ஒரு தரம் பெட்டி கட்டிக்கொண்டு போய் விருந்தாளி மாதிரி பத்து நாள் இருந்து திரும்பலாம், யாருக்கும் எதுவும் தெரியாது, மானம் போகாது, இதுதான் சரி, உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து இதுதான் சரி என்று நாலு தடவை சொல்லிக்கொண்டேன். நாற்பது வருஷம் கோரினோம், வலியுறுத்தினோம், எச்சரித்தோம், என் பிரசுரங்களில் எங்கே பார்த்தாலும் நாம்தான், நான் என்ற சொல்லை அதில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அடக்கம் என்று நினைத்தேன், ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன், நான் கேட்டு எனக்கு இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, இல்லை என்றால் அது எல்லோருக்குமான இல்லையாக இருக்க வேண்டும். போனை எடுத்தேன். அன்பு மகளுக்கு, குடும்பம் என்ற அமைப்பில் மூத்தோரின் இடம் குறித்து, அழித்தேன். உன் கடிதத்தில் வீ என்ற சொல்லை நான் புரிந்துகொண்ட விதம், அழித்தேன். எனக்கு வீடில்லை, அழித்தேன், அது மிரட்டல். மின்விசிறி தலைக்கு மேல் டக் டக் என்று அடித்தது, ஸ்கூட்டர்க்காரர் ஏதோ நம்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார், நானும் வரட்டுமா, என்று அடித்தேன், இரண்டே சொல், கேள்விக்குறியைத் தேட நேரமாயிற்று, நீங்க அங்கேயே இருக்கும்போது நானும் அங்கேயே இருக்கட்டுமா என்று அதற்குக் கீழே இன்னொரு வரி போட்டேன், இந்தத் தடவை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது, அனுப்பினேன்.

இன்ஸ்பெக்டர் எப்போது வந்தார், எப்போது கையெழுத்துப் போட்டார் என்று தெரியவில்லை. சார், முடிஞ்சிது, கெளம்பலாம், என்று ஏட்டம்மா ஆதார் நகலை நீட்டினார். மூணு மணி வரைக்கும் இங்கயே உக்காந்துக்கட்டுமாம்மா என்று கேட்டேன், இன்னா சார், போகச் சொன்னா போக மாட்டேன்றீங்க, பதினோரு கேஸு சும்மா வரல, என்று சிரித்தார், பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார், உக்காருங்க, ஃபேன் அடியில உக்காருங்க. சும்மா கேக்கறேன் சார், ஃபாரத்துல இதெல்லாம் இல்ல, பொண்ணப் பாத்துட்டு வந்துடுவீங்களா, அங்கயே தங்கிடுவீங்களா?

கேட்டிருக்கேம்மா.

யார, பொண்ணயா? நல்லா இருக்கு சார் கத, பெத்த பொண்ணு வூட்டுக்குப் போவ அவளப் போய்க் கேப்பாங்களா?

அவளத்தாம்மா கேக்கணும், என்றேன்.